படத்தில் இல்லாத மகள்

என் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவளுடைய ஒரே மகன் பழவேற்காடு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்த பிறகு, மாலைகளில் அவளுடன் உட்கார்ந்து ஒரு மாயாஜால நாவலை வாசித்துக் காட்டினேன். இறால் உரித்தபடியே கேட்பாள். அதில் வரும் மந்திரவாதி படகுகளை மூழ்கடிக்கும் கொடியவன். ஆனால் அவன் மகளை வெள்ளம் அடித்துப் போனபோது, தேடிப் போக ஊரில் ஒருவரும் படகு எடுக்காததால்தான் அவன் அப்படி மாறினான் என்று ஓர் அத்தியாயத்தில் வரும். அதை மட்டும் அக்கா நான்கு முறை வாசிக்கச் சொன்னாள்.

போன வருடம் அந்த நாவல் படமாக வந்தது. பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். படத்தில் மகளே இல்லை. மந்திரவாதி பிறவியிலேயே கெட்டவன். கதாநாயகன் அவனைக் கொன்றபோது தியேட்டரே விசிலடித்தது.

"அவன் பொண்ணு எங்கடி?" என்று அக்கா என் கையைப் பிடித்தாள்.

"கதையிலேருந்தே எடுத்துட்டாங்கக்கா. நேரம் பத்தாதுன்னு வுட்டுருப்பாங்க."

திரும்பும் பஸ்ஸில் அக்கா, "நம்ம குப்பத்துல என்னை இன்னான்னு சொல்றாங்க? சண்டைக்காரின்னுதானே?" என்றாள். "அவங்களும் என் புள்ளைய எடுத்துட்டுத்தான் என்னைப் பாக்குறாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மீன் ஏலத்தில் அவள் யாரிடமோ கத்திய ஒருநாள், நானும் அவள் காதுபடவே சண்டைக்காரி என்று சொல்லியிருக்கிறேன்.