நான் மாற்றிச் சொன்ன வாக்கியம்

சிங்காநல்லூரில் என் வீட்டு மாடியில் பல வருடங்களாக இந்தி டியூஷன் எடுக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், வடக்கே மாற்றலாகிப் போகும் வங்கி ஊழியர்கள், பீகார்க்காரர்களிடம் வேலை வாங்க வேண்டிய ஒர்க்‌ஷாப் முதலாளிகள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் மேடையில் நின்று மொழிபெயர்த்தது ஒரே ஒரு முறைதான்.

போன டிசம்பரில் ஒரு போன் வந்தது. ஓடாமல் நின்றுபோன மில் ஒன்றின் கட்டிடத்தில் வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். அதன் பொறுப்பாளர் பேசினார்.

"ஏனுங்க டீச்சர், போபால் விஷவாயுல தப்பிச்சவங்க ஒருத்தங்க நம்ம சூலூர்லயே இருக்காங்க. பையன் ஏர்ஃபோர்ஸ்ல இருக்கறாருங்க. நம்ம மியூசியத்துல வந்து பேசறேன்னு ஒத்துக்கிட்டாங்க. அவங்க இந்தில சொல்லச் சொல்ல நீங்க தமிழ்ல சொன்னாப் போதுமுங்க."

சரி என்றேன். அதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். வெளிர்நீலப் புடவை, தடித்த கண்ணாடி. கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. "அழுகிறேன் என்று நினைக்காதீர்கள், நாற்பது வருடமாக இப்படித்தான்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். கூட வந்த மகன் முன்வரிசையில் உட்கார்ந்தார். கல்லூரி மாணவர்களும் ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்களுமாக நூறு பேர் இருக்கலாம். நான் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நின்றேன்.

அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். முதல் பத்து நிமிடம் தடங்கல் இல்லாமல் போயிற்று. அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னது இது: எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் நான்கு பிள்ளைகள், நான்தான் மூத்தவள். ஒரே அறை வீடு. தூக்கத்தில் கண் எரிந்தது, யாரோ மூட்டை மூட்டையாக மிளகாயைக் கொளுத்துவதுபோல. வெளியே எல்லோரும் "ஓடுங்கள், ஓடுங்கள்" என்று கத்தினார்கள். அம்மா கைக்குழந்தையைத் தூக்கினாள். அப்பா தங்கையைத் தூக்கினார். கண்ணைத் திறக்கவே முடியவில்லை. நான் கடைசியாக வெளியே வந்தேன்.

வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த வரியை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். வீட்டை விட்டு எல்லோரும் கிளம்பினால் வெளித்தாழ்ப்பாள் போடுவது என் வேலை. கைப்பழக்கத்தில் போட்டுவிட்டேன். நான்கு வயதுத் தம்பி உள்ளே இருந்தான்.

கூட்டம் தமிழுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தி தெரிந்த ஒருவர் மட்டும், அவருடைய மகன், இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தார். அவருக்கும் இது புதிது என்று எனக்குப் புரிந்தது.

நான் சொன்னேன்: "தம்பி உள்ள இருந்தான். கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது."

யோசித்துச் செய்யவில்லை. அந்த 'நான்' என் வாயிலிருந்து வர மறுத்தது, அவ்வளவுதான்.

அவர் அடுத்த வரிக்குப் போகவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் மைக்கில், சூலூர்க் காய்கறிக் கடையில் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னார்:

"போட்டிருந்தது இல்லீங்க. நான் போட்டேனுங்க."

அவருக்குத் தமிழ் புரியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. நான் மைக்கை வாயருகே கொண்டுபோய், "நான் போட்டேன்" என்று சொன்னேன்.

மிச்சத்தை அவர் வேகமாக முடித்தார். அம்மா தூக்கினாள் என்று அப்பாவும், அப்பா தூக்கினார் என்று அம்மாவும் நினைத்திருக்கிறார்கள். தெரிய வந்தபோது திரும்ப முடியாத அளவுக்குக் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. விடிந்தபின் அப்பாதான் தாழ்ப்பாளைத் திறந்தார். தம்பி கதவை ஒட்டியே கிடந்தான்.

யாரும் கை தட்டவில்லை. கடைசியில் வயதான மில் தொழிலாளி ஒருவர் எழுந்தார். "அம்மணி, உங்கப்பா உங்களை ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று கேட்டார். நான் இந்தியில் கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை," என்றார் அவர். "அந்தத் தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்தார். அதற்குப் பிறகு நாங்கள் குடியிருந்த எந்த வீட்டிலும் வெளித்தாழ்ப்பாள் இருந்ததில்லை."

கூட்டம் முடிந்து அலுவலக அறையில் டீ கொடுத்தார்கள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன் என்றேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"என் அம்மா சாகும்வரை அப்படித்தான் சொன்னாள். அக்கம்பக்கத்தாரிடம், சொந்தக்காரர்களிடம், என்னிடமே. கதவு பூட்டியிருந்தது, கதவு பூட்டியிருந்தது என்று. என்னைக் காப்பாற்றத்தான். அதனால் நான் ஒருநாள்கூட அவளிடம் இதைப் பேசி அழ முடியவில்லை. அம்மா போய்விட்டாள். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். நீங்களும் அவளைப் போலவே சொன்னீர்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சிங்காநல்லூர் வழியாகத்தானே போகிறோம் என்று மகன் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் பின்னால். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், எதுவும் கண்ணில் பதியவில்லை. 'நான் போட்டேன்' என்று மேடையில் சொன்ன அந்த இரண்டு சொல்லும் என்னுடையவையே போல நெஞ்சில் கனத்தன.

ஒரு சிக்னலில் வண்டி நின்றது. மகன் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "அம்மா, அந்த மாமாவின் பெயர் என்ன?"

விளக்கு பச்சையாகி, பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. மகன் வண்டியை எடுக்கவில்லை. அவர் பெயரைச் சொன்னார். மகன் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னார்.

பிறகுதான் கார் நகர்ந்தது.