சிவப்புப் பொட்டு வைத்த திருகாணி

"ஏனுங்க சார், ஒரு பையன் ஒரே கேள்விக்கு ரெண்டு விடை எழுதி வெச்சிருந்தா, அதுல ஒண்ணு சரின்னா மார்க் போடுவீங்களா?"

எங்கள் மலையூரின் ஒண்டிக்கடைப் பகுதியில் ஒர்க்ஷாப் வைத்திருந்த குழந்தைவேலு என்னிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி இது. என் ஸ்கூட்டர் அடிக்கடி நின்றுபோனது. பிளக்கை மாற்றி, கார்புரேட்டரையும் கொஞ்சம் திருகிவிடுங்கள் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். "போட மாட்டேன்" என்றேன்.

"நானும் போட மாட்டனுங்க. ரெண்டையும் ஒண்ணா மாத்திப்போட்டா எதுல கோளாறுன்னு வண்டி எப்படிங்க சொல்லும்? மொதல்ல பிளக்கு. நீங்க கம்முனு உக்காருங்க."

போன வாரம் டிரைவர் அர்த்தநாரி தொலைபேசியில் அழைத்து, "வேலண்ணன் போயிட்டாருங்க சார்" என்றபோது இந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.  பிறகு அவரே, "அண்ணனப் பத்தி எழுதுனா அந்தக் கார் விசயத்த எழுதுங்க சார். மத்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும்" என்றார். அவர் சொன்னால் நான் எழுதித்தான் ஆக வேண்டும். காரணம் கீழே இருக்கிறது.

வேலுவிடம் வண்டி விட்டவர்களுக்கு அந்தச் சிவப்புப் பொட்டு நினைவிருக்கும். எந்தத் திருகாணியைத் திருகினாலும் அதன் தலையில் ஒரு பொட்டு, பக்கத்து இரும்பில் நேராக இன்னொரு பொட்டு வைப்பார். இரண்டும் நேராக இருந்தால், அவருக்குப் பிறகு யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். விலகியிருந்தால், "ஏனுங்க, இதை எந்த டாக்டர்கிட்டக் காட்டுனீங்க?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை. அர்த்தநாரி அப்போது ஒரு காபி எஸ்டேட்டில் டிரைவர். முதலாளியிடம் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் இருந்தது. அதில் கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்கும். அந்தக் கார் நின்ற இடத்திலேயே, யாரும் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே, உறுமி எழும், அணையப் போவது போலத் தணியும், மறுபடி எழும். வேலுவின் ஒர்க்ஷாப்பில் நான் ஸ்கூட்டருக்காக உட்கார்ந்திருந்தபோது, முதலாளி காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியைக் கூடவே வந்த அர்த்தநாரியிடம் தராமல் வேலுவிடம் கொடுத்தார்.

"நாலு மாசம் நான் ஊர்ல இல்ல. இவன் பெட்ரோல எடுத்து வித்துட்டு மண்ணெண்ணெயக் கலந்திருக்கான். குடிச்ச எஞ்சின் ஆடத்தான செய்யும்?"

"குடிச்சுதா இல்லியான்னு மொதல்ல ஊதச் சொல்லிப் பாத்துரலாமுங்க" என்றார் வேலு.

அர்த்தநாரி சிரிக்கவில்லை. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். அவர் மகள் என் வகுப்பில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "என் மக மேல சத்தியமா நான் கலக்கலீங்க."

"சார், உங்க லேபுல வடிகட்டற தாள் இருக்குமுங்களா?" என்று வேலு என்னைப் பார்த்தார். பள்ளி ஆய்வகத்திலிருந்து வடிதாள் எடுத்து வந்தேன். காரிலிருந்து எடுத்த பெட்ரோலை ஒரு தாளில் ஒரு சொட்டு விட்டார். இன்னொரு தாளில், ஒப்பிட்டுப் பார்க்க அவரே மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில் ஒரு சொட்டு. முதல் தாள் சுவடில்லாமல் உலர்ந்தது. இரண்டாவதில் எண்ணெய் வட்டம் நின்றது.

"நேத்தே நல்ல பெட்ரோலா மாத்தி ஊத்தியிருப்பான்" என்றார் முதலாளி.

"அப்படின்னா நேத்தோட ஆட்டம் நின்னிருக்கோணுமுங்களே?"

முதலாளி பேச்சை மாற்றினார். "அப்ப வேற என்னன்னு கண்டுபிடிச்சுக் காட்டு. இல்லேன்னா இவன் நாளையிலிருந்து வர வேண்டாம்."

அதன் பிறகு வேலு வேலை செய்த விதத்தை என் மாணவர்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் கேள்வி அர்த்தநாரியிடம்: "எஞ்சின் ஆறியிருக்கறப்ப ஆடுதா, சூடானதுக்கப்புறமா?" சூடான பிறகுதான் என்றார். பிறகு ஒவ்வொரு ரப்பர்க் குழாயாகச் சோப்புத் தண்ணீர் தடவினார். விரிசல் வழியே காற்று புகுந்தால் நுரையை உள்ளே இழுக்கும், எங்கும் இழுக்கவில்லை. அடுத்து, கால் ஆக்சிலரேட்டரில் இல்லை என்று பெட்டிக்குச் சொல்லும் சுவிட்சின் ஒயரை மட்டும் கழற்றினார். ஆட்டம் சட்டென்று நின்றது. மாட்டினார், ஆடியது. மறுபடி கழற்றினார், நின்றது.

"புடிச்சாச்சு. சார், நாம மலை இறங்கறப்ப காலை எடுத்துட்டாலும் எஞ்சின் வேகமாத்தான சுத்தும்? அப்ப பெட்ரோல் வீண்னு பெட்டி நிறுத்திரும். இப்ப வண்டி நின்ன எடத்துலயே எஞ்சின் வேகமாச் சுத்துது. காலும் ஆக்சிலரேட்டர் மேல இல்ல. பாவம், பெட்டி மலை இறங்கறோம்னு நினைச்சுப் பெட்ரோல நிறுத்துது. எஞ்சின் அணையப் போகவும் பயந்துபோய்த் திரும்பக் குடுக்குது. நின்னுக்கிட்டே இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்குது."

"அப்ப அந்த வேகத்த ஏத்தி வெச்சது யாரு?" என்று கேட்டுவிட்டு முதலாளி அர்த்தநாரியைத் திரும்பிப் பார்த்தார்.

வேலு டார்ச்சை அடித்துக் குனிந்தார். கால் வைக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, அதாவது ஐடிலிங்கை, வைக்கும் திருகாணியின் தலையில் சிவப்புப் பொட்டு. பக்கத்து இரும்பிலும் பொட்டு. இரண்டும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன.

அவர் நிமிர நேரமாயிற்று. என்ன நடந்தது என்று எனக்கும் மெல்ல விளங்கியது. மார்கழிப் பனியில் வண்டிகள் அணையாமலிருக்க, நம் மலையில் எல்லாக் காருக்கும் ஐடிலிங்கை ஏற்றி வைப்பது வழக்கம். கார்புரேட்டர் வண்டிக்கு அது நல்லது. அதே பழக்கத்தில் இந்தக் காருக்கும் வேலு ஏற்றியிருக்கிறார். முதலாளி ஊரில் இல்லாத மாதங்களில், பேட்டரிக்காகக் காலையில் ஐந்து நிமிடம் மட்டுமே ஓடிய வண்டி சூடாகவே இல்லை. குளிர்ந்த எஞ்சின் வேகமாகச் சுற்றுவதைப் பெட்டி தவறாக எடுத்துக்கொள்ளாது. அதனால் தவறு வெளியே தெரியவில்லை.

பொட்டுகள் நேராக இருந்ததை எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் பார்க்கவில்லை. விரலால் சற்றுத் திருப்பிவிட்டு, "யாரோ திருகியிருக்காங்க" என்று அவர் சொல்லியிருக்கலாம்.

"திருகினது நானுங்க" என்றார் வேலு. "மார்கழில ஏத்தி வெச்சேன். இந்த வண்டிக்கு ஏத்தக் கூடாது. அர்த்தநாரி இதத் தொடவே இல்ல. இந்தப் பொட்டே சாட்சி."

திருகாணியை ஒன்றரைச் சுற்று இறக்கி, ஒயரை மாட்டி ஓடவிட்டார். சூடான எஞ்சின் ஒரே சீராக ஓடியது. முதலாளி எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து அர்த்தநாரியிடம் நீட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ஊட்டுக்குப் போலாம், எடு" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கார் அதற்குப் பிறகு வேலுவிடம் வராமல், வெகுநாள் சேலத்துக்குப் போய்த்தான் சர்வீஸ் ஆனது. "வருத்தமில்லையா வேலு?" என்று அந்த வாரமே கேட்டேன். "நொம்ப வருத்தந்தானுங்க. ஆனா அவன் மக பரீட்சை எழுதுறாளில்லீங்க" என்றார். அவள் நன்றாகவே எழுதினாள்.

நான் ஓய்வு பெறும்வரை ஒரு பழக்கத்தை விடவில்லை. ஒரு கணக்கை வகுப்பே தவறாகப் போட்டிருந்தால், பையன்களைத் திட்டுவதற்கு முன் கரும்பலகையில் நான் போட்டுக் காட்டிய எடுத்துக்காட்டைத் திரும்பப் பார்ப்பேன். இரண்டு முறை தவறு அங்கேதான் இருந்தது. இரண்டு முறையும் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். வேலுவிடமிருந்து எனக்கு வந்தது அது.

உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று ஓடாமல் போனால், அடுத்தவர் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து, அந்தப் பொருளில் உங்கள் கை கடைசியாக எதைத் தொட்டது என்று எழுதுங்கள்.