விலகி நின்ற புள்ளிகள்

லேசர் ஸ்கேனர் தூக்கித் திரிகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நம் தொழிலில் பயம் அளக்கும்போது வராது, அழிக்கும்போதுதான் வரும். மிசின் பொருளின் மேல் ஒளியைப் பாய்ச்சி, பட்ட இடத்தையெல்லாம் லட்சக்கணக்கில் புள்ளிகளாகக் கொட்டும். அதில் பொருளும் இருக்கும். தூசி, ஈரம், கை நடுக்கமும் இருக்கும். வேண்டாததை அழித்து, மிச்சத்தின் மேல் போர்வை போர்த்துவதுபோல் ஒரு பரப்பை இழுத்து, இதுதான் உங்கள் பொருளின் வடிவம் என்று கொடுக்க வேண்டும். நாமக்கல்லில் நானும் சத்யாவும் அதைத்தான் செய்கிறோம். அவள் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி, நான் பயப்படுவதில்.

லாரியின் முகம்

சங்ககிரியில் ஒருவருக்குப் பழைய லாரியின் முன்பக்கத் தகட்டைப் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. நாங்கள் கொடுத்த வடிவத்தில் நெளிவு சுளிவு எதுவும் இல்லை. சத்யா அத்தனையையும் நீவிவிட்டிருந்தாள். தகடு வந்தது, பொருந்தவில்லை. கண்ட இடத்தில் இடி வாங்கி லாரியே கோணலாகியிருந்தது, எங்கள் தகடு மட்டும் நேராக இருந்தது. ஓனர் கத்தவில்லை. தகட்டை வண்டியின் முகத்தில் வைத்துக் காட்டிக் கேட்டார்.

"ஏனுங்க, என்ற வண்டிக்குத்தானுங்க நானு கேட்டேன்? நீங்க ஷோரூம் வண்டிக்குப் பண்ணிப்போட்டீங்க."

சின்னுசாமியின் கிணறு

பரமத்தி வேலூர் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் சின்னுசாமி, கிணற்றுக்குள் இரும்புப் படி வைக்க ஆசைப்பட்டார். கல்கட்டுச் சுவரின் வளைவுக்கு ஏற்றபடி படியை வளைக்க வேண்டும். ஸ்கேனரைக் கயிற்றில் கட்டி இறக்கினோம்.

சத்யா பரப்பை இழுத்து முடித்தாள். குடம்போல் உருண்டு திரண்ட சுவர். ஆனால் ஓரிடத்தில் கொஞ்சம் புள்ளிகள் மட்டும் அந்தப் பரப்புக்கு முன்னால் விலகி நின்றன. ஈரக் கல்லில் வெளிச்சம் சிதறியிருக்கும், அழித்துவிடலாம் என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. சிதறல் என்றால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்க வேண்டும். இவை எல்லாமே கிணற்றுக்குள் பார்த்து நின்றன. ஒரு மழை கழித்து மறுபடி போய் எடுத்தோம். புள்ளிகள் இன்னும் இரண்டு விரல்கடை முன்னால் வந்திருந்தன. சுவர் உள்பக்கம் புடைத்துக் கல் வயிறு தள்ளுகிறது, பிரித்துக் கட்டும்வரை யாரையும் கீழே இறக்காதீர்கள் என்று சின்னுசாமியிடம் கெஞ்சினேன்.

"எங்கப்பாரு காலத்துல இருந்து நிக்குதுங்க. உங்க மிசினு வந்த மக்காநாளே உழுந்துருமா?"

இன்னொரு படம்

மனசு கேட்காமல் அடுத்த வாரம் மறுபடி போனேன். அதற்குள் சின்னுசாமி வேறு ஸ்கேனர்காரர்களைக் கூப்பிட்டுப் படம் எடுத்திருந்தார். போனை நீட்டினார். மேடு பள்ளமே இல்லாத சுவர். அவர்கள் நீவித் தள்ளியிருந்தார்கள். சின்னுசாமிக்கு அதுதான் பிடித்திருந்தது.

கிணற்று மேட்டில் வெல்டர் முருகேசன் இடுப்பில் கயிறு கட்டி இறங்கத் தயாராக நின்றார். சின்னுசாமி போனில் இருந்த படத்தையும் என் போனில் இருந்த எங்கள் படத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், என்னைத் தென்னை மர ஓரமாகக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"படமெல்லாம் நமக்குத் தெரியாதுங்க சாமி. நீங்களா இருந்தா எறங்குவீங்களா?"

மாட்டேன் என்றேன். அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். சின்னுசாமி பிறகு வேறு ஆளை வைத்துப் படியைப் பொருத்திவிட்டார், காலையும் மாலையும் அவரே அதில் இறங்கி மோட்டாரைப் பார்க்கிறாராம். இதை எழுதும் வரை சுவர் நிற்கிறது. நான் போட்ட கணக்கு தப்பாகவே போகட்டும் என்று கோயிலில் வேண்டிக்கொள்ள வைக்கும் தொழில் நம்முடையது.