தறி நிற்கும் நேரம்

எங்கள் பட்டறையில் நாலு விசைத்தறி. ஓட்டுவது நானும் என் வீட்டுக்காரரும்தான். நாலும் ஓடும்போது அங்கே பேச்சுக்கு வேலையில்லை. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துப் புரிந்துகொள்வோம். சாப்பாட்டுக்கு ஒரு கையசைவு, கோபத்துக்கு ஒரு முறைப்பு. கல்யாணமான நாளிலிருந்து குடும்பம் அப்படித்தான் நடந்தது.

போன வருஷம் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் நடுரோட்டிலேயே நடப்பார். லாரி ஓயாத சங்ககிரி ரோட்டில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பயந்துபோய் சேலத்துக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

தறி ஓட்டும்போது காதில் வைத்துக்கொள்ள டாக்டர் அடைப்பான் கொடுத்தார். "காது களைச்சுப் போயிருக்கா, ஒரேயடியாப் போயிருச்சான்னு இப்பச் சொல்ல முடியாதும்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தறிய நிறுத்திட்டு வெளிய போய் உக்காருங்க. இப்படியே ஓட்டினா மிச்சமும் போயிரும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தறி நின்றால் துணி எப்போது முடியும்? நூல் கொடுக்கிற முதலாளி சும்மா இருப்பாரா? முன்பு கரண்ட் போகும், தானாக உட்காருவோம். இப்போது அதுவும் போவதில்லை. மனசே இல்லாமல்தான் முதல் நாள் சுவிட்சை அணைத்தேன்.

பின்பக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு கத்திக் கத்திப் பேசினோம். அடுத்த சோளக்காட்டுக்காரர் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

சில நாளில் எனக்கு வேறு சத்தங்கள் கேட்கத் தொடங்கின. தறியின் இரைச்சல் மெல்ல வடியும். அதன் அடியிலிருந்து ஒவ்வொன்றாக வரும். சோளத்தட்டு காற்றில் உரசுவது. கோழி மண்ணைக் கிளறுவது. தூரத்தில் மேடேறும் லாரி கியர் மாற்றுவது. எருமை புல்லைக் கடித்து இழுப்பதுகூடக் கேட்டது. நான் அசந்துபோனேன். நாங்கள் உள்ளே இருந்த பகலெல்லாம் இத்தனையும் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டா இருந்தது? வாய் திறந்து பேசவே கூச்சமாக இருந்தது. அப்புறம் நேரமானால் சுவிட்சை அணைக்க ஓடியது நான்தான்.

அவர் மட்டும் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஏனுங்க, ஏதாச்சும் கேக்குதுங்களா?" என்று கத்துவேன். இல்லை என்று தலையாட்டுவார். எனக்கு மட்டும் கேட்பது பெரிய அநியாயமாகப் பட்டது. இனி அவ்வளவுதானோ என்று தோன்றும்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது கை பட்டு டம்ளரைக் கொட்டிவிட்டார். தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று வருஷக்கணக்காக அவரை வாய்க்குள்ளேயே திட்டிப் பழகியவள் நான். அன்றும் குனிந்து டம்ளரை எடுத்தபடி, "கண்ணு எங்கதான் இருக்குதோ இந்த மனுசனுக்கு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரல்.

"கண்ணெல்லாம் எடத்துலதான் இருக்குது" என்றார்.

என் முகம் தரையைப் பார்த்து இருந்தது. உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை. குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே இருந்தேன்.

"ஏம்புள்ள, தெனமும் இப்படித்தான் திட்டிட்டு இருந்தியா?"

"ஆமாங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அதுவும் அவருக்குக் கேட்டது.