வாசற்படியில் ஐந்து சோடி

பர்மாவிலிருந்து படகில் தப்பி வந்த ஒரு குடும்பத்தை யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் பக்கத்து வளவு வீட்டில் குடிவைத்திருந்தார்கள். வேறொரு நாட்டு அரசாங்கம் அவர்களை ஏற்றுக் குடியமர்த்தச் சம்மதித்திருந்தது. அழைப்பு வரும்வரை இங்கே தங்கவேண்டும்.

அவர்கள் வந்த பதினோராம் நாள் கிராம அலுவலர் வந்தார். அவரை நாங்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வோம். என்னிடம் கணிதம் படித்தவர். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தார்; திறக்கவில்லை. என் படலைக்கு வந்தார்.

"சேர், உவையள் எத்தினை பேர் இருக்கினம்?"

"அஞ்சு பேர்."

"நிச்சயமோ?"

"என்னட்டைப் படிச்சுப்போட்டு என்னையே கேக்கிறாய்?"

எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் எண்ணியது ஆட்களை அல்ல, செருப்புகளை. வேலிக்கு மேலால் பார்த்தால் அவர்கள் வாசற்படியில் காலையும் மாலையும் ஐந்து சோடி. பதினொரு நாளும் ஐந்து. எண்ணாமல் இருக்க எனக்கு வராது. பஸ்ஸில் ஏறினால் சில்லறைக்கு முன் ஆட்களைத்தான் எண்ணுவேன்.

மூன்று கிழமை கழித்து அந்த வீட்டு மகன் ஒரு கடிதத்தோடு வந்தான். விண்ணப்பத்தில் ஆறு பேர், விதானையாரின் வதிவிடக் கடிதத்தில் ஐந்து பேர். ஐவர் போகலாம், இங்கே இருப்பதற்கு வேறு அத்தாட்சி இல்லாத தாயின் விண்ணப்பக் கோவை மட்டும் நிறுத்தப்பட்டிருந்தது.

"வாசலில் ஐந்து சோடிதானே" என்றேன் ஆங்கிலத்தில்.

"அம்மா செருப்புப் போடுவதில்லை" என்றான். அதிகாரிகள் தட்டினால் கதவும் திறக்கமாட்டாளாம். அன்று உள்ளே அவள் இருந்திருக்கிறாள். ஐந்து என்று சொன்னது நான்தான் என்று சொன்னேன். அவன் கோபப்படவில்லை. பட்டிருக்கலாம்.

உள்ளே வந்து மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசியை நான் கிணத்தடியிலை ரெண்டு தரம் கண்டனான்."

"நீ சொல்லேல்லையே?"

"நீங்கள் எண்ணிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்!"

போர்க்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது, ஒருவன் கொப்பியோடு வந்து தலை எண்ணினான். மூட்டைகளுக்குப் பின்னால் காய்ச்சலோடு படுத்திருந்த என் ஐயாவை அவன் காணவில்லை. ஏழு பேருக்கு ஆறு பேரின் அரிசி வந்தது. அவனை முப்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளே விதானையாரின் கந்தோருக்குப் போய், என் எண்ணிக்கை பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். விதானையார் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"சேர், ஒரு பிழைக்கு ஒரு அடி எண்டு தந்தனீங்கள், ஞாபகமோ?"

"ஞாபகம். நீ வாங்கினது நாலு."

"அஞ்சு, சேர்."

பின்னேரமே வந்து தாயை நேரில் பார்த்துக் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தார். ஆனாலும் பதில் வர இரண்டு மாதமானது. மனைவி அந்த அம்மாவுக்கு ஒரு சோடி செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அவள் அதைத் தினமும் வாசற்படியில் ஆறாவதாக, ஒழுங்காக வைத்துவிட்டு, வெறுங்காலோடுதான் கிணற்றடிக்குப் போனாள்.

போன வெள்ளிக்கிழமை அவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வான் வந்தது. இந்த முறை தலைகளை எண்ணினேன், இரண்டு தரம். ஆறு. அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வான் போனபின் வேலிக்கு மேலால் பார்த்தேன். படியில் ஒரு சோடி இருந்தது. அந்த நாட்டில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டுமாம். விமான நிலையத்திலாவது யாராவது அவளுடைய காலைப் பார்ப்பார்களா?