உடைக்காத பேணி

என் மகள் இப்போது வீட்டுச் சாமான்களைக் கைபேசியில்தான் வாங்குகிறாள். கதிரையில் சாய்ந்தபடி பருப்பையும் சவர்க்காரத்தையும் விரலால் தட்டுகிறாள். பின்னேரத்துக்குள் பை வாசலுக்கு வந்துவிடுகிறது. கடைக்குப் போகாமல் சாமான் வாங்குவது தன் காலத்தில்தான் பிறந்தது என்று அவளுக்கு நினைப்பு. போன மாதம், “கடைக்காரருக்கு ஏதும் சொல்ல வேணுமெண்டால் சொல்லுங்கோம்மா, இதிலை எழுதலாம்” என்றாள். எனக்கு ஏனோ கோபம் வந்துவிட்டது. “ஒண்டும் எழுதாதை. அவையள் தாறதைத் தரட்டும்” என்று சத்தம் போட்டேன். பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கே காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து மாங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு மாதக் கைக்குழந்தை, நான். அத்தான் எங்களோடு இல்லை. குழந்தை பிறக்கும் முன்பே செல் குண்டு விழுந்து செத்துப்போனார். வன்னிக்குள் பாதிச் சாமான் தடை, மீதி கிடையாது. கடைத்தெரு என்றால் அது வவுனியாவில்தான். வழியில் இராணுவச் சோதனைச்சாவடி; அதைத் தாண்டிப் போய்வரப் பாஸ் வேண்டும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

எங்கள் வளவுக்குப் பின்னால் குடியிருந்த ஒரு பெண்ணிடம் பாஸ் இருந்தது. மலையகத்தில் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து, வயல்களில் கூலி வேலை செய்தவர். அவருடைய தமையன் வவுனியாவில் இருந்ததால் பாஸ் கொடுத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வீடுகள் தங்கள் தேவைகளைக் கடதாசித் துண்டில் எழுதி அவரிடம் கொடுக்கும். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வீட்டுத் துண்டையும் ஒவ்வொரு நிற நூலால் சுற்றிக் கட்டுவார். வவுனியாக் கடைக்காரர் துண்டை வாசித்துச் சாமானைப் போட்டதும், அதே நூலைக் கழற்றி அந்த வீட்டுப் பையின் வாயில் கட்டிவிடுவார். எங்கள் வீட்டுக்கு மஞ்சள் நூல். ஒருநாளும் ஒருவர் சாமான் மற்றவருக்கு மாறி வந்ததில்லை.

அவரைப் பற்றி இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு ‘அவள்’தான். முற்றத்தோடு நிறுத்தித்தான் கதைப்போம். தேத்தண்ணி கொடுத்தால் சிரட்டையில். ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு ஓடிவந்த நாங்கள் இதை மட்டும் கவனமாகக் கொண்டுவந்திருந்தோம்.

அந்த ஆவணி மாதம் அக்காவுக்கு மலேரியா பிடித்தது. ஒரு கிழமைக் காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. குழந்தை நெஞ்சில் வாயை வைத்துச் சப்பிப் பார்த்துவிட்டுக் கத்தும். ஆஸ்பத்திரியில் பால்மா முடிந்துவிட்டது என்றார்கள். பசுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தால் வயிற்றால் போனது. குழந்தைப் பால்மா வந்தால் பிள்ளை தப்பும், வராவிட்டால் இல்லை. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நான்தான் துண்டு எழுதினேன். குழந்தைப் பால்மா ஒரு பேணி. அம்மா பக்கத்தில் நின்று, “சீல் உடைக்காமல் கொண்டுவரச் சொல்லி எழுது. உவள் எங்கை வைச்சுக் கொட்டி, எந்தக் கையாலை அள்ளுவாளோ ஆர் கண்டது” என்றா. நான் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டேன். அம்மா சொன்னதால் மட்டுமில்லை. எனக்கும் அருவருப்பு இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு நான் துண்டை வாசித்துக் காட்டியபோது அவர் யோசித்தார்.

“டின்னா கொண்டாந்தா விட மாட்டாங்களே தங்கச்சி. உடைச்சு, பையில கொட்டிக் காட்டணும். எல்லார் மாவையும் அப்படித்தான் கொண்டாறேன்.”

“அம்மா கண்டிப்பாச் சொல்லிப்போட்டா. எப்பிடியும் உடைக்காமல் கொண்டுவாங்கோ.”

“சரி, கேட்டுப் பாக்கிறேன்” என்று மஞ்சள் நூலைச் சுற்றினார்.

மூன்றாம் நாள் பின்னேரம் திரும்பி வந்தார். மற்ற வீடுகளின் சாமான் எல்லாம் வந்திருந்தது. எங்கள் பேணி வரவில்லை. சோதனையில் பேணியை உடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு, உடைக்காதீர்கள் என்று இவர் மன்றாடியிருக்கிறார். மன்றாட மன்றாட அவர்களுக்குச் சந்தேகம் கூடியிருக்கிறது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் இவள் ஏன் இப்படி நிற்கிறாள் என்று. பேணியைப் பறித்து, பாஸையும் வாங்கி வைத்துக்கொண்டு, வெயிலில் அரை நாள் நிறுத்தித்தான் விட்டார்கள்.

“உடைக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லி விட்டீங்களேம்மா. அதான் கேட்டேன்” என்றார் அம்மாவிடம். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்புவிப்பவரின் குரல். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தார். அவருக்கும் ஒரு வயதில் ஒரு பிள்ளை இருந்தது. அந்தப் பிள்ளைக்கென்று வாங்கி, சோதனையில் உடைத்துக் காட்டிக் கொண்டுவந்த மாவில் பாதியைப் பிரித்து, மஞ்சள் நூலால் கட்டியிருந்தார். “சின்னதுக்குக் கரைச்சுக் குடுங்கம்மா. என் புள்ள கஞ்சி குடிப்பான்.”

அம்மா பையை வாங்கினா. முகம் முறித்து எதுவும் சொல்லவில்லை. அவர் போனதும் அதைக் கூரை வளையில் கொழுவிவிட்டா. “கொட்டின மா. குடுத்தால் இன்னும் வயித்தாலை போகும்.” போவதற்குக் குழந்தையின் வயிற்றில் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

சோற்றுக் கஞ்சித் தண்ணியைத் துணியில் வடித்துக் கரண்டியால் கொடுத்தோம். முதல் நாள் குடித்தது. இரண்டாம் நாள் கடைவாயால் வழிந்தது. அக்கா காய்ச்சலுக்குள் கிடந்து, “பால்மா வந்திட்டுதோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தா. “வரும்” என்றோம். அவா படுத்திருந்த பாய்க்கு நேர் மேலேதான் பை தொங்கியது. மூன்றாம் நாள் காலை நான் எட்டி அதைக் கழற்றினேன். “தண்ணி கொதிக்குது, கரைக்கட்டோ அம்மா?”

அம்மா குழந்தையின் கடைவாயைத் துடைத்துவிட்டா. பிறகு, “நாளைக்கும் பாத்திட்டுக் கரைப்பம்” என்றா. நான் அம்மாவின் சொல்லை மீறிப் பழகாதவள். அதைவிட உண்மை என்னவென்றால், மீற வேண்டும் என்று எனக்கு அவ்வளவு அவசரம் இருக்கவில்லை. பையைத் திரும்பவும் கொழுவினேன். அன்று மத்தியானம் குழந்தை அழுகையை நிறுத்தியது. நித்திரை என்று நினைத்தோம்.

எங்கள் அழுகுரல் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அவரும் வந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழக்கமாக நாங்கள் நிறுத்தும் இடத்திலேயே நின்றார். நான் தண்ணீர் அள்ள வெளியே வந்தபோது கிட்ட வந்து மெல்லக் கேட்டார்.

“மாவுல ஏதும் கோளாறா தங்கச்சி? கைய நல்லாக் கழுவிட்டுத்தான் பிரிச்சேன். என் புள்ளயும் அதத்தானே குடிச்சான்.”

உங்கள் மாவை நாங்கள் அவிழ்க்கவேயில்லை என்று சொன்னால் போதும். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் ஏன் அவிழ்க்கவில்லை என்று அடுத்ததாகக் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க எனக்குத் துணிவில்லை. உள்ளே அம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்தா. நான் வாளியைப் பார்த்துக்கொண்டு, “தெரியேல்லை அக்கா” என்றேன்.

அவர் தன் உள்ளங்கையை ஒரு தரம் விரித்துப் பார்த்தார். பிறகு பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு யார் துண்டு கொண்டுபோனாலும் தன் பாஸ் போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார். சில மாதங்களில் பாஸ் திரும்பக் கிடைத்தது என்று சொன்னார்கள். மற்ற எல்லாச் சாமானும் கொண்டுவந்தாராம், பால்மா மட்டும் வேண்டாம் என்றாராம், யார் காலில் விழுந்து கேட்டும். அடுத்த இடப்பெயர்வில் நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். அம்மா இறந்துவிட்டா. மா வந்து வளையில் தொங்கியது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் உயிரோடு இருந்தால், ஒரு குழந்தையைத் தன் கையால் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் இருப்பார்.