‘கட்டியாச்சா?’ என்று கேட்டே வண்டியெடுத்த எங்கள் அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் கூடியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். இக்கட்டுரையில் நான் கண்டவையும், கண்டவர் வாயால் நேரில் கேட்டவையும் மட்டுமே இடம்பெறுகின்றன. ஒருவர் சொன்னதாக மற்றொருவர் சொன்னவற்றை, அவை அக்காவின் பெருமையைக் கூட்டுவனவாயினும், விலக்கியிருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. அக்கா மறைந்த விதத்தைப் பற்றி இந்த ஓராண்டில் நம் வீடுகளில் பல கதைகள் உலவிவிட்டன. அவற்றுள் ஒன்று அக்காவின் மகள் காதிலும் விழுந்துவிட்டது. அவளுக்கு இப்போது ஆறு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். இந்த நினைவு மலர் வீட்டு அலமாரியில் இருக்கும். என்றேனும் ஒருநாள் அவள் எடுத்துப் படிப்பாள். அன்று அவள் கண்ணில் படும் ஒவ்வொரு வரியும் மெய்யாக இருக்க வேண்டும்.

அக்கா வடகரப்பதியில், மாநில எல்லையை ஒட்டிய எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார். அப்பா தென்னையும் நிலக்கடலையும் பயிரிட்டார். ஆழ்குழாய்க் கிணறு கைவிட்ட ஆண்டுகளில் வானத்தை நம்பிச் சோளம் விதைத்தார். எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது இடைவெளி. இடையில் வேறு பிள்ளைகள் இல்லை. அதனால் அம்மா தோட்டத்துக்குப் போகும் நேரமெல்லாம் நான் அக்காவின் இடுப்பில் இருந்தேன் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஆனைகட்டிப் பக்கம் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் ஒரே ஜீப்பில் சென்றோம். காற்று வாங்கினால் குழந்தை அழாது என்று அக்காவை முன்னிருக்கையில் உட்கார வைத்து, என்னை அவர் மடியில் கொடுத்தார்கள். மலைப்பாதையில் மாடு குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். நான் அக்காவின் கையிலிருந்து எகிறி எதிரே இருந்த இரும்பில் மோதினேன். என் இடப்புருவத்தின் மேலுள்ள தழும்பு அன்று ஏற்பட்டது. அம்மா பின்னால் அமர்ந்து இதைக் கண்டவர்.

அதன்பிறகு எந்தத் திருமணத்துக்குப் போனாலும் யாரேனும் ஒருவர் என் முகவாயைத் தூக்கிப் பிடித்து, “இது உங்கக்கா வெச்ச பொட்டுடா” என்று சிரிப்பார். “ஒரு புள்ளையப் புடிக்கத் தெரியல, இவளெல்லாம் நாளைக்கு என்னத்தப் பெத்து வளத்தப் போறா” என்பார் மற்றொருவர். விளையாட்டுப் பேச்சுத்தான், பகை ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடங்களிலிருந்து அக்கா எழுந்து போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதைப்பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை, தாம் கருவுற்றிருந்தபோது. “நான் கைய உட்டுட்டேன்னு எல்லாரும் சொன்னாங்கடா. நான் உடல. புடிச்சுட்டுத்தான் இருந்தேன். புடிச்ச கையிலிருந்தே நீ போயிட்டே” என்றார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அப்பா மறைந்தபோது அக்கா கோவையில் கல்லூரிப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தார். நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிப் போய்ப் படித்து முடித்து, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என் படிப்பு அந்தச் சம்பளத்தில் நடந்தது. எலப்புள்ளியில் திருமணமாகிச் சென்ற பின்னும் அம்மாவின் மருந்துக்கும் தோட்டத்து மோட்டார் பழுது பார்ப்பதற்கும் முதலில் வந்து நின்றவர் அவரே. மச்சானும் அவரும் பழைய கார் ஒன்றை வாங்கியபோது, மச்சானுக்கு முன்பே அக்கா ஓட்டக் கற்றார்.

அக்காவின் காரில் ஏறியவர்க்கெல்லாம் அவருடைய விதி தெரியும். ஒரு பெல்ட்டுக்கு ஒரு பிள்ளை. பிள்ளைகள் முன்னிருக்கையில் உட்காரக் கூடாது. “கட்டியாச்சா?” என்று அவர் கேட்பார். பின்னாலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் “கட்டியாச்சு” என்று தனித்தனியே சொல்ல வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் வண்டி நகராது.

இவ்விதி நம்மவரிடையே எளிதில் செல்லவில்லை. வண்டியில் இடமிருக்கிறதா என்று பார்ப்பது நம் வழக்கமன்று. வழியில் நிற்கும் உறவுப் பிள்ளையை ஏற்றாமல் போவது, பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பிவிடுவதற்குச் சமம். குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிய ஒரு காலையில், “இன்னும் ரெண்டு புள்ளைக சந்துல உக்காந்துக்கும்” என்று பெரியப்பா பிள்ளைகளைத் தூக்கி உள்ளே விட்டார். அக்கா சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இவங்க ரெண்டு பேரும் அடுத்த நடைக்குங் பெரியப்பா. உங்கள எறக்கி உட்டுட்டு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“ஏனம்மிணி, ஏரோப்ளேனா ஓட்டறே நீ? கட்டிக்கோ, எண்ணிக்கோன்னுட்டு!”

“ஏரோப்ளேன்ல சொன்னா மட்டும் கட்டிக்கறீங்கல்ல? அங்க முட்டறதுக்கு மேகந்தானுங் பெரியப்பா இருக்குது. இங்க பாருங்க, எத்தன லாரி.”

பெரியப்பாவே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, “என்ற பெல்ட்ட மாட்டி உடு தாயி, எனக்கு அது சிக்க மாட்டேங்குது” என்றார். இதைச் சொல்ல அவர் இசைந்ததால் எழுதுகிறேன்.

மகள் பிறந்தபோது, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரக் குழந்தைக்கான இருக்கையை முன்னதாகவே வாங்கிக் காரில் பூட்டச் செய்திருந்தார். அம்மாவுக்கு அது பெரும் வருத்தம். “என்ற மடி இருக்கறப்போ பச்சப்புள்ளைக்குக் கூடை எதுக்கு?” என்றார். “உங்க மடி ஊட்டுக்குப் போனதுலிருந்து வேணுமுங் அம்மா. ரோட்டுக்கு மட்டும் வேண்டாம்” என்றார் அக்கா. குழந்தை வழிநெடுக உறங்கியது.

அவளுடைய காதுகுத்துக்கு நான் சீர் கொண்டு சென்றேன். வீட்டிலிருந்து கோயில் வரை தாய்மாமன் மடியில், முன்னிருக்கையில் குழந்தை வர வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். சீர்த்தட்டுகளும் படம் எடுப்பவரும் ஆயத்தமாக இருந்தனர். அக்கா குழந்தையைப் பின்னால் அவளுடைய இருக்கையில் உட்கார வைத்துப் பூட்டினார்.

“மாமன் மடிக்கே வழியில்லாம போச்சா?” என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. “தம்பி, சீர் கொண்டாந்த கையோட திரும்பிப் போயிரு” என்று இன்னொரு குரல் கிண்டல் செய்தது.

அக்கா என்னைப் பார்த்து, “கோயில் வாசல்ல எறங்குனதுமே அவ உன்ற மடிலதான். பொழுதுக்கும் வெச்சுக்கோ. நான் கேக்கவே மாட்டேன்” என்றார். அவ்வாறே நடந்தது. காது குத்தும்போது அவள் என் சட்டையைப் பற்றிக்கொண்டு அழுதாள். அன்று பொழுது சாயும்வரை அவள் என் மடியைவிட்டு இறங்கவில்லை. அக்கா கேட்கவுமில்லை.

இனி இறுதி நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்று மதியம் அக்காவும் மச்சானும் மகளும் எங்கள் வீட்டில் உண்டுவிட்டு எலப்புள்ளிக்குக் கிளம்பினர். மச்சான் ஓட்டினார். அக்கா பின்னால் மகள் அருகில் அமர்ந்தார். கிளம்பும்போது அக்கா பெல்ட் அணிந்திருந்தார். நான் சன்னலருகே நின்று கண்டேன். வழியில் கொழிஞ்சாம்பாறையில் நிறுத்திப் பூ வாங்க அக்கா இறங்கினார். மீண்டும் ஏறியதும் மகளின் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்ததை மச்சான் கண்ணாடியில் கண்டார். தம் பெல்ட்டை அவர் மாட்டினாரா என்பதை மச்சான் கவனிக்கவில்லை. சற்றுத் தொலைவு சென்றதும் மகளின் தண்ணீர்ப் பாட்டில் கீழே விழுந்தது. அவள் அழுதாள். “இரு சாமி, வண்டி நிக்கட்டும், எடுத்துத் தாரேன்” என்று அக்கா சொன்னதே மச்சான் கேட்ட கடைசிச் சொல். எதிரே ஒரு லாரி, பேருந்தை முந்த முற்பட்டு இவர்கள் பக்கம் ஏறி வந்தது. மச்சான் இடப்பக்கம் ஒடித்தார். கார் புளியமரத்தில் மோதியது.

மகள் தன் இருக்கையில் இருந்தபடியே இருந்தாள். தோளில் பெல்ட் அழுந்திய சிவந்த தடம் தவிர அவள் மேல் காயமில்லை. அத்தடத்தை அன்று மாலை நான் பார்த்தேன். அக்காவுக்குத் தலையில் அடி. மூன்றாம் நாள் மருத்துவமனையில் காலமானார். இடையில் அவருக்கு நினைவு திரும்பவில்லை.

காரியங்களுக்கு வந்திருந்தோரில் சிலர், “அத்தன சொன்னவளே பெல்ட் போடலியாமா” என்றனர். “புள்ள அடம் புடிச்சு அழுகவுந்தான் கழட்டியிருக்கறா” என்றனர் வேறு சிலர். துக்கத்தில் வரும் பேச்சு அது. யாரையும் குறை கூற எழுதவில்லை. ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை அதைக் கேட்டாள். மறுநாள் என்னிடம் வந்தாள்.

“மாமா, நான் அழுததுனாலதான் அம்மா கழட்டுனாங்களா?”

“எனக்குத் தெரியாது கண்ணு.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

அக்கேள்விக்கு விடை தேடியே நான் விசாரிக்கத் தொடங்கினேன். காவல் நிலையத்தில் கேட்டபோது, காரைப் பார்வையிட்ட நேரத்தில் அக்கா அமர்ந்திருந்த பக்கத்துப் பெல்ட் பூட்டாத நிலையில் இருந்தது என்றும், அறுந்திருக்கவில்லை என்றும் சொன்னார்கள். அக்காவைத் தூக்கி வெளியே எடுத்தவர்கள் சாலையோரத் தேநீர்க் கடையில் இருந்த இருவர். அவர்களைத் தேடிக் கண்டு கேட்டேன்.

“பெல்ட்டுங்களா? நெசமா ஞாபகமில்லீங்க,” என்றார் மூத்தவர். “கதவு மாட்டிக்கிச்சு. இழுத்துத் தொறந்தமுங்க. கொழந்த அழுதுட்டே இருந்துச்சு, அத மொதல்ல எடுத்தமுங்க.”

“அக்காள எடுக்கறப்போ நான் எதையோ அமுத்துனாப்புல இருக்குதுங்க,” என்றார் இளையவர். “ஆனா அது கொழந்தையோடதா, அக்காளோடதான்னு கேட்டீங்கன்னா என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க. உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பொய் சொல்லக் கூடாதல்லங்க.”

தண்ணீர்ப் பாட்டில் முன்னிருக்கையின் அடியில் கிடந்தது. அது எடுக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். அக்கா எடுக்க முயன்றார் என்பதையோ முயலவில்லை என்பதையோ காட்டாது.

உறவினர்க்கு ஒரு வேண்டுகோள். கையில் ஏந்திய பிள்ளை எகிறியதற்காக ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை நாம் பல்லாண்டு குற்றம் சொன்னோம். அன்று அந்த ஜீப்பில் எந்தக் கையும் அப்பிள்ளையைப் பிடித்து நிறுத்தியிராது. அச்சிறுமியின் மகளுக்கு அதை மீண்டும் செய்ய வேண்டாம். விளையாட்டாகவும் வேண்டாம், இரக்கத்தாலும் வேண்டாம். அக்காவுக்கு ஏதேனும் செய்ய விரும்புவோர், தம் காரில் பிள்ளைகள் ஏறியதும் “கட்டியாச்சா?” என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருந்தால் போதும்.

நன்றி சொல்லப் பலர் இருக்கின்றனர். தேநீர்க் கடையிலிருந்து ஓடிவந்த அவ்விருவர்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. மூணாற்றில் எஸ்டேட்டில் வேலை செய்வதாகச் சொன்ன ஒரு குடும்பத்தார் தம் காரை நிறுத்தி, அக்காவையும் மகளையும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மச்சான் அக்குழப்பத்திலும், “பாப்பாவுக்குப் பெல்ட் போடுங்க, அவங்கம்மா கேப்பா” என்று திரும்பத் திரும்பச் சொன்னதை அவரே என்னிடம் கூறினார். “போட்டாச்சுண்ணே, இந்தா பாருங்க, நல்லா இறுக்கிப் போட்டாச்சு” என்று அக்குடும்பத்துப் பெண்மணி ஒருவர் கையைப் பிடித்துச் சொன்னதை மச்சான் மறக்கவில்லை. அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. இம்மலர் எவ்வகையிலேனும் அவர்கள் கைக்குச் சேரட்டும். மருத்துவர்கள், செவிலியர், அக்காவின் அலுவலகத் தோழியர், சோறு சமைத்து அனுப்பிய அண்டை வீட்டார், மகளை ஒருநாளும் தனியே விடாத எலப்புள்ளி அத்தை ஆகிய அனைவரையும் வணங்குகிறோம்.

இனி அக்காவின் மகளுக்கு, என் கண்ணுக்கு, எழுத வேண்டியது எஞ்சியிருக்கிறது. நீ கேட்டதை எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். தெரிந்தது இது: உன் பெல்ட்டைக் கடைசியாக இழுத்துச் சரிபார்த்தது உன் அம்மாவின் கை. அது அவிழவில்லை.

அம்மாவின் பெல்ட் மாட்டப்பட்டிருந்ததா, மாட்டப்பட்டிருந்தால் எப்போது அவிழ்ந்தது, யார் கை அவிழ்த்தது, எதற்காக என்பது தெரியவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. தெரியும் என்று யார் சொன்னாலும் அவர்களுக்கும் தெரியாது.